கேஸ் பாய்லரின் புகைக்குழாய்: பழுதை அறிவதும் சரிசெய்வதும்

பிரிட்டனில் குடியிருக்கும் நம் சகோதரர் ஒருவரின் வீட்டில் நடந்ததைச் சொல்லி ஆரம்பிக்கிறோம். கிழக்கு லண்டனில், நூறு வருடத்துக்கும் மேல் பழமையான, சுவரோடு சுவர் ஒட்டிய வரிசை வீடு. அவர், அவர் மனைவி, இரண்டு பிள்ளைகள், ஊரிலிருந்து வந்திருந்த உம்மா என்று ஐந்து பேர். நோன்பு மார்ச் மாதத்தில் வந்த வருடம் அது. குளிர் விடவில்லை. ஸஹருக்கு எழும்போதே உம்மாவுக்குத் தலைவலியும் குமட்டலும். "நோன்பு புடிச்சா தலை வலிக்கத்தான் செய்யும் வாப்பா, இதுக்குப் போயி டாக்டரா?" என்று உம்மா சொல்ல, மகனும் விட்டுவிட்டார்.

ஒரு வாரம் கழித்து மருமகள்தான் கணக்குப் போட்டுப் பார்த்தார். நோன்புத் தலைவலி என்றால் அஸருக்கு மேல் அல்லவா வர வேண்டும்? நோன்பு திறந்ததும் குறைய வேண்டும். இங்கே தலைகீழாக இருந்தது. விடியற்காலையில் அதிகம், வெளியே போய் வந்தால் குறைவு, இரவில் மறுபடியும். இன்னொன்றும் அவருக்கு உறைத்தது. நோன்பு பிடிக்காத ஆறு வயதுப் பிள்ளையும் காலையில் தலையைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தது.

அந்த வீட்டின் பாய்லரில் எரியும் சிறு பைலட் சுடர், காற்றடிக்கும் இரவுகளில் அடிக்கடி அணைந்துகொண்டிருந்தது. குளிர்காலம் முழுக்கவே அப்படித்தான். தெரிந்த ஒருவர் வந்து, சுடர் எரிகிறதா என்று உணரும் சின்னக் கம்பியை மாற்றிவிட்டுப் போனார். இரண்டு நாள் எரிந்தது, பிறகு பழைய கதைதான். உண்மையில் கோளாறு பாய்லருக்குள் இல்லை. பாய்லரின் புகை வெளியேறும் வழியில் இருந்தது.

நம் ஊர்களில் வீட்டைச் சூடாக்கும் பாய்லர் கிடையாது. அதனால் பிரிட்டனில் குடியேறும் குடும்பங்களும், அங்கே படிக்கப் போகும் பிள்ளைகளும், ஒரு பொத்தானை அழுத்தினால் வெந்நீரும் வெப்பமும் வரும் என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். எரிந்த வாயு எங்கே போகிறது என்று கேட்பவர்கள் குறைவு. அதைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாகப் பார்க்கப்போகிறோம்.

எரிவதும் வெளியேறுவதும்

குழாய் வழியாக வரும் இயற்கை எரிவாயுவில் பெரும்பகுதி மீத்தேன். ஒரு கன மீட்டர் மீத்தேன் முழுமையாக எரிய ஏறக்குறைய பத்து கன மீட்டர் காற்று வேண்டும். நன்றாக எரிந்தால் கார்பன் டை ஆக்ஸைடும் நீராவியும் வரும். ஒரு கன மீட்டர் வாயுவிலிருந்து கிளம்பும் நீராவியைக் குளிரவைத்தால் சுமார் ஒன்றரை லிட்டர் தண்ணீர் கிடைக்கும். இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும்.

காற்று போதாமல் எரிந்தால் கார்பன் மோனாக்ஸைடு உண்டாகும். நிறமில்லை, வாசனையில்லை, கண்ணும் எரியாது. விறகடுப்புப் புகை என்றால் கண்ணில் நீர் வந்து நம்மை வெளியே விரட்டிவிடும். இது விரட்டாது. ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினோடு ஆக்ஸிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். கர்ப்பிணிகள், குழந்தைகள், முதியவர்கள், இதய நோயாளிகள் ஆகியோரை முதலில் பாதிக்கும்.

பாய்லர்கள் புகையை வெளியேற்றும் விதத்தில் இரண்டு வகை. பழைய வகை, தான் இருக்கும் அறையின் காற்றையே எடுத்து எரித்து, சூடான வாயுவைப் புகைக்குழாய் வழியாகக் கூரைக்கு மேல் அனுப்புகிறது. இதில் விசிறி எதுவும் கிடையாது. சூடான வாயு லேசாக இருப்பதால் தானாக மேலே ஏறுகிறது, அவ்வளவுதான். முன்பு நிலக்கரி எரித்த புகைக்கூண்டுக்குள்ளேயே, துருப்பிடிக்காத எஃகினால் ஆன வளையும் குழாய் ஒன்றை இறக்கி, அதன் வழியே இதை விடுவது வழக்கம். புதிய வகை மூடிய வகை. அறைக் காற்றைத் தொடுவதே இல்லை. சுவரைத் துளைத்துப் போகும் இரட்டைக் குழாயில், வெளிக்குழாய் வழியே காற்று வருகிறது, உள்குழாய் வழியே விசிறி புகையைத் தள்ளுகிறது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2005 ஏப்ரலிலிருந்து புதிதாகப் பொருத்தும் பாய்லர்கள் பெரும்பாலும் நீராவியைக் குளிர்வித்து அதன் வெப்பத்தையும் எடுத்துக்கொள்ளும் மூடிய வகைதான். குளிர்நாளில் அதன் வாயிலிருந்து வெள்ளைப் புகைபோல் வருவது நீராவி. அதைக் கண்டு பயப்பட வேண்டாம்.

ஆனாலும் பழைய வகை இன்னும் பல வீடுகளில் ஓடிக்கொண்டிருக்கிறது, வாடகை குறைவான பழைய வீடுகளிலும்தான். நம் கட்டுரையின் பெரும்பகுதி அதைப் பற்றியே.

புகை ஏன் திரும்பி வருகிறது?

அடைப்பு முதல் காரணம். உச்சியிலுள்ள மூடி காற்றில் விழுந்துவிட்டால், குழாயின் வாய் திறந்து கிடக்கும். பிரிட்டனில் ஜாக்டா என்று ஒரு சிறு காக்கை இனம் உண்டு. புகைக்கூண்டுக்குள் குச்சி குச்சியாகப் போட்டுக் கூடு கட்டுவது அதன் பழக்கம். வசந்தத்தில் கட்டிய கூடு, அடுத்த குளிர்காலத்தில் நாம் பாய்லரை முழுவீச்சில் ஓட்டும்போது அங்கேயே இருக்கும். சில வீடுகளில் பழைய சுண்ணாம்பும் செங்கல்லும் உதிர்ந்து அடைக்கும்.

அடுத்து, உட்குழாய் அரித்துப்போவது. ஒரு காலத்தில் நிலக்கரி எரித்த கூண்டில் படிந்த கரி, ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகி எஃகையும் தின்னும். ஓட்டை விழுந்தால் புகை கூண்டுக்குள் கசியும். குளிர்ந்த கூண்டு அதன் வேகத்தைக் குறைக்கும். அங்கிருந்து மாடி அறைச் சுவரின் விரிசல் வழியாகப் படுக்கை அறைக்கும் வரலாம்.

காற்று மேலிருந்து அழுத்துவது மூன்றாவது. பக்கத்து வீட்டுக்காரர் மேல்தளம் எடுத்திருப்பார். அதுவரை நன்றாக இழுத்த புகைக்குழாயின் வாய், இப்போது அந்தச் சுவரின் நிழலில் சிக்கிக்கொள்ளும். குறிப்பிட்ட திசையிலிருந்து காற்றடித்தால் மட்டும் கோளாறு வருகிறது என்றால் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

இனி வருவது நம் வீடுகளுக்கு மிகவும் பொருந்துவது. பழைய வகை பாய்லர் உள்ள அறையில் வெளிச்சுவரில் ஒரு காற்றுத்துளை இருக்க வேண்டும். பாய்லரின் திறனில் 7 கிலோவாட்டுக்கு மேற்பட்ட ஒவ்வொரு கிலோவாட்டுக்கும் 5 சதுர சென்டிமீட்டர் திறப்பு என்பது அங்குள்ள கணக்கு. 15 கிலோவாட் பாய்லர் என்றால் 40 சதுர சென்டிமீட்டர், உள்ளங்கையைவிடச் சிறிய இடம்தான். ஆனால் அதன் வழியே ஊசிக்குளிர் உள்ளே வரும். ஊரிலிருந்து வந்தவர்களுக்கு அது தாங்காது. டேப் ஒட்டுவார்கள், பழைய துணியைச் செருகுவார்கள், அலமாரியை இழுத்து முன்னால் நிறுத்துவார்கள். கூடவே மரச் சன்னலை எடுத்துவிட்டு இரட்டைக் கண்ணாடிச் சன்னல் போட்டிருந்தால், இடுக்கு வழியே வந்த காற்றும் நின்றுபோகும்.

அப்புறம் சமையலறை விசிறி. பிரியாணியும் மீன் பொரியலும் செய்யும் வீட்டில் வாசனை துணிமணியில் ஏறாமல் இருக்க, பலமான விசிறி மாட்டி, சன்னலையும் மூடிவிடுகிறோம். அந்த விசிறி வெளியே தள்ளும் காற்றுக்கு ஈடாக வீட்டுக்குள் எங்கிருந்தாவது காற்று வந்தாக வேண்டும். காற்றுத்துளை அடைபட்டிருந்தால், மிக எளிதான வழி புகைக்குழாய்தான். மேலே போக வேண்டிய புகையை அந்த விசிறி கீழே இழுத்துவிடும்.

வீட்டில் இருப்பவர்கள் எதைப் பார்க்கலாம்?

கையால் எதையும் கழற்றாமல், கண்ணால் மட்டும் பார்க்கக்கூடியவை சில இருக்கின்றன.

சுடரின் நிறம். நீலமாக, உறுதியாக எரிய வேண்டும். மஞ்சளாக, சோம்பலாக ஆடினால் சரியில்லை. பாய்லரின் உறையிலோ மேலுள்ள சுவரிலோ பழுப்பு, கறுப்புக் கறை தெரிந்தால் புகை அந்த வழியாக வந்திருக்கிறது. பாய்லர் ஓடும்போது மட்டும் அந்த அறையின் சன்னல்களில் வழக்கத்துக்கு மீறித் தண்ணீர் கோர்த்து வழிகிறதா என்று பாருங்கள். மேலே சொன்ன ஒன்றரை லிட்டர் கணக்கு இங்கேதான் வருகிறது: கூரைக்கு மேல் போக வேண்டிய நீராவி அறைக்குள் இறங்கியிருக்கலாம். குளிப்பதாலும் சமைப்பதாலும் தண்ணீர் கோர்க்கும் என்பதால் இது ஒன்றை மட்டும் வைத்து முடிவுக்கு வர முடியாது. சேர்த்துப் பார்க்க வேண்டும்.

பைலட் சுடர் அடிக்கடி அணைவதும், பாய்லர் தானாக நின்றுபோவதும் முக்கியமான அடையாளங்கள். பழைய வகை பாய்லர்கள் சிலவற்றில், புகை அறைக்குள் வழிந்தால் உணர்ந்து எரிவாயுவை நிறுத்தும் பாதுகாப்புக் கருவி இருக்கிறது. அது நிறுத்தினால் நாம் பொத்தானை அழுத்தி மறுபடி ஓட்டுகிறோம், மறுபடி நிற்கிறது, மறுபடி அழுத்துகிறோம். காவலாளி கத்தக் கத்த அவன் வாயைப் பொத்துகிற வேலை இது. இன்னும் மோசமாக, அந்தக் கருவியைச் சுற்றிப்போகும்படி கம்பியை இணைத்துவிட்டுப் போகும் 'கைதேர்ந்தவர்களும்' இருக்கிறார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, உடம்பு சொல்வதைக் கேட்க வேண்டும். காய்ச்சல் இல்லாமல் ஃப்ளூ போல வருவது. வீட்டிலுள்ள பலருக்கும் ஒரே நேரத்தில் வருவது. வெளியே போனால் குறைவது. விரலில் மாட்டும் ஆக்ஸிஜன் கருவியை நம்பி ஏமாற வேண்டாம். கொரோனாவுக்குப் பின் நம் வீடுகளில் பலரிடம் அது இருக்கிறது. கார்பன் மோனாக்ஸைடு ஒட்டிய ரத்தத்தையும் அது ஆக்ஸிஜன் ஒட்டியதாகவே எடுத்துக்கொண்டு 98 என்று காட்டிவிடும். ரத்தப் பரிசோதனையில்தான் தெரியும். அதுவும் சீக்கிரம் எடுக்க வேண்டும். சுத்தமான காற்றில் நான்கைந்து மணி நேரத்தில் ரத்தத்திலுள்ள அளவு பாதியாகிவிடும். டாக்டரிடம் போகும்போது, "வீட்டில் கேஸ் பாய்லர் இருக்கிறது, எல்லோருக்கும் தலைவலி" என்று நாமே சொல்லிவிடுவது நல்லது.

இன்ஜினியர் செய்ய வேண்டியவை

பிரிட்டனில் எரிவாயுப் பாய்லரிலோ அதன் புகைக்குழாயிலோ தொழில்முறையில் வேலை செய்பவர் 'கேஸ் சேஃப்' பதிவேட்டில் இருந்தாக வேண்டும். 2009 ஏப்ரல் 1 முதல் இந்தப் பதிவேடு இருக்கிறது. அதற்கு முன் 'கோர்கி' என்ற பெயரில் இருந்தது. வருபவரிடம் அடையாள அட்டையைக் கேளுங்கள். முன்பக்கம் அவர் படமும், எண்ணும், காலாவதித் தேதியும் இருக்கும். நம்மவர்கள் பெரும்பாலும் அதோடு திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். பின்பக்கத்தையும் பாருங்கள். எந்தெந்த வேலைக்குத் தகுதி பெற்றிருக்கிறார் என்பது அங்கேதான் இருக்கும். சமையல் அடுப்புக்கு மட்டும் தகுதி பெற்றவர் பாய்லரைத் தொடக்கூடாது.

அந்த லண்டன் வீட்டுக்கு வந்தவர் செய்ததைச் சொன்னால் விளங்கும். பாய்லரை உடனே நிறுத்தி, ஓட்டக்கூடாது என்று சீட்டு ஒட்டினார். பிறகு வெளியே தெருவில் நின்று புகைக்கூண்டின் உச்சியைப் பார்த்தார். மூடி இல்லை. உள்ளே வந்து, புகைக்குழாயின் அடியில் ஒரு புகை வில்லையைப் பற்றவைத்தார். குளோரின் மாத்திரை அளவில் இருக்கும் அது, அரை நிமிடத்தில் ஓர் அறையையே நிரப்பும் அளவு வெள்ளைப் புகையைக் கக்கும். குழாய் சரியாக இருந்தால் புகை முழுவதும் உச்சியில் மட்டும் வெளிவர வேண்டும். குளிர்ந்த குழாய் இழுக்கத் தயங்கும் என்பதால் முதலில் சிறிது நேரம் அதைச் சூடாக்கிக்கொண்டுதான் செய்தார். ஆனாலும் புகை அறைக்கே திரும்பி வந்தது. அவர் மாடி அறைகளுக்கும் கூரைக்கு அடியிலுள்ள இடத்துக்கும் போய்ப் பார்த்தார். மாடியில் பிள்ளைகள் படுக்கும் அறைச் சுவரின் ஓரத்திலும் இழையாகப் புகை தெரிந்தது.

பிறகு பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினார். சகோதரருக்கு அது புரியவில்லை. வரிசை வீடுகளில் இரண்டு வீட்டுப் புகைக்கூண்டுகளும் ஒரே தூணுக்குள் அடுத்தடுத்து ஏறும். இடையில் ஒற்றைச் செங்கல் சுவர்தான். அது நூறு வருடத்தில் உதிர்ந்திருந்தால், நம் பாய்லரின் புகை பாய்லரே இல்லாத அண்டை வீட்டாரின் படுக்கை அறையில் இறங்கும். அன்று அந்த வீட்டில் புகை வரவில்லை, அல்ஹம்துலில்லாஹ்.

உட்குழாயை வெளியே இழுத்தபோது உச்சியில் குச்சிகள் அடைத்திருந்தன. நடுவில் எஃகு அரித்து இரண்டு இடத்தில் ஓட்டை. (கூட்டில் பறவை குடியிருந்தால் கதை வேறு. 1981-ம் வருடத்து வனவுயிர்ச் சட்டப்படி, பறவை கட்டிக்கொண்டிருக்கும் கூட்டையோ குடியிருக்கும் கூட்டையோ அழிப்பது குற்றம். குஞ்சுகள் பறக்கும்வரை பாய்லர் ஓடாமல்தான் இருக்க வேண்டும். இது பழைய கூடு.) கூண்டைப் பெருக்கிச் சுத்தம் செய்தபின், 316 தர எஃகுக் குழாயை மேலிருந்து கீழ்வரை ஒரே துண்டாக இறக்கினார்கள். நடுவில் ஒட்டுப்போடக்கூடாது, கூர்மையாக வளைக்கவும் கூடாது. உச்சியில் தகடு வைத்து இறுக்கி, பறவை நுழைய முடியாத, எரிவாயுவுக்கென்றே செய்த மூடி போட்டார்கள். மறுபடி புகை வில்லை. இப்போது புகை உச்சியில் மட்டும் வந்தது.

பலர் இத்துடன் கணக்கை முடித்துவிடுவார்கள். இவர் முடிக்கவில்லை. எல்லா சன்னல்களையும் கதவுகளையும் சாத்தச் சொல்லி, சமையலறை விசிறியை முழுவேகத்தில் போடச் சொல்லி, பாய்லரைச் சில நிமிடங்கள் ஓடவிட்டு, புகை வழியக்கூடிய விளிம்பில் ஒரு புகைக்குச்சியைக் காட்டினார். புகை உள்ளே இழுபட வேண்டும். அது வெளியே தள்ளப்பட்டு அறைக்குள் வந்தது. புதிய குழாய் போட்ட பின்னும்!

அலமாரியை நகர்த்திப் பார்த்தால் காற்றுத்துளை முழுக்க டேப். போன வருடக் குளிரில் ஒட்டியது. சகோதரருக்கே மறந்துபோயிருந்தது. அதைப் பிரித்து, மறுபடி சோதித்ததில் புகைக்குச்சியின் புகை ஒழுங்காக உள்ளே போனது. ஆக, அந்த வீட்டில் மூன்று கோளாறுகள்: அடைப்பு, ஓட்டை, காற்றில்லாமை. ஒன்றைச் சரிசெய்து மற்றதை விட்டிருந்தால் தலைவலி தொடர்ந்திருக்கும், அல்லது அதைவிட மோசமாகியிருக்கும். இதனால்தான், குழாய் மாற்றியபின் "சன்னல் எல்லாம் சாத்தி, விசிறி போட்டு சோதித்தீர்களா?" என்று நாமே கேட்க வேண்டும் என்கிறோம். கடைசியில் புகைவாயுவை அளக்கும் கருவியையும் வைத்துப் பார்த்து எண்களை எழுதிக் கொடுப்பார்கள். அந்தக் காகிதத்தைப் பத்திரப்படுத்துங்கள்.

மூடிய வகையில் வரும் கோளாறு

நவீன அடுக்குமாடிகளில் இருப்பவர்கள், நமக்கு இது பொருந்தாது என்று நினைத்துவிட வேண்டாம். 2000-க்குப் பின் கட்டிய சில குடியிருப்புகளில் பாய்லர் வீட்டின் நடுவில் இருக்கும். அதன் குழாய் உட்கூரைக்குள் ஒளிந்து நீண்ட தூரம் போய் வெளிச்சுவரை அடையும். நடுவிலுள்ள ஓர் இணைப்பு விலகினாலும், விசிறி புகையை உட்கூரைக்குள் ஊதிக்கொண்டே இருக்கும். அந்த இணைப்புகளைப் பார்க்கத் திறப்புகள் இருக்க வேண்டும். 2013 ஜனவரி 1 முதல், திறப்பு இல்லாத இத்தகைய பாய்லரை 'ஆபத்துக்கு வாய்ப்புள்ளது' என்று குறித்து, வீட்டாரின் சம்மதத்தோடு நிறுத்தச் சொல்லும் வழிமுறை வந்தது. அழகு கெடும் என்று அந்தத் திறப்புகளை மூடி வர்ணம் அடிக்காதீர்கள்.

மூடிய வகையில் குழாய் கசிகிறதா என்பதைக் காற்று வரும் பாதையில் ஆக்ஸிஜனை அளந்து பார்ப்பார்கள். அது 20.6 சதவீதத்துக்குக் குறையாமலும், கார்பன் டை ஆக்ஸைடு 0.2 சதவீதத்தை எட்டாமலும் இருக்க வேண்டும். மாறினால் உள்குழாயின் புகை வெளிக்குழாயின் காற்றோடு கலக்கிறது என்று பொருள்.

உறைபனி நாளில் பாய்லர் களகளவென்று சத்தம் போட்டு நின்றால், அநேகமாக அது புகைக்குழாய் விவகாரம் அல்ல. குளிர்ந்த நீராவி சொட்டாக வெளியேறும் பிளாஸ்டிக் குழாய் வெளியே உறைந்திருக்கும். வெதுவெதுப்பான நீரை அதன்மேல் ஊற்றினால் போதும். கொதிநீர் வேண்டாம்.

வாடகைக்கு இருப்பவர்களுக்கு

1998-ம் வருடத்து எரிவாயுப் பாதுகாப்பு விதிகள்படி, வீட்டுக்காரர் வருடத்துக்கு ஒருமுறை பாய்லரையும் புகைக்குழாயையும் பதிவுபெற்றவரை வைத்துச் சோதிக்க வேண்டும். அந்தச் சான்றின் நகலை 28 நாளுக்குள் குடியிருப்பவருக்குத் தர வேண்டும். புதிதாக வருபவருக்குக் குடிவரும் முன்பே தர வேண்டும். இங்கிலாந்தில் 2022 அக்டோபர் 1 முதல், சமையல் அடுப்பு தவிர வேறு எரிக்கும் சாதனம் நிலையாக உள்ள ஒவ்வொரு அறையிலும் கார்பன் மோனாக்ஸைடு அலாரம் வைப்பதும் வீட்டுக்காரரின் கடமை.

நம்மவர்களிடம் ஒரு சங்கடம் உண்டு. வீட்டுக்காரர் ஊர்க்காரராக, சொந்தக்காரராக இருப்பார். "வாடகையைக் குறைச்சுக் கொடுத்திருக்காரு, அவருகிட்ட போயி சர்ட்டிபிகேட் எப்படிக் கேக்குறது?" என்று பிள்ளைகள் கூசுகிறார்கள். கேளுங்கள். ஒருவரின் உயிரைக் காக்கும் காகிதம் அது. தர மறுத்தால் எச்.எஸ்.இ என்ற அரசு அமைப்பிடம் தெரிவிக்க வழி உண்டு. வீட்டை வாடகைக்கு விடும் நம் சகோதரர்களுக்கும் இதையே சொல்கிறோம்: கேட்கும்வரை காத்திருக்காதீர்கள்.

இன்னொரு பழக்கமும் கவலை தருகிறது. கீழ்த்தளத்து முன்னறையைப் படுக்கை அறையாக்கி, ஊரிலிருந்து வரும் பெற்றோரை அங்கே படுக்க வைப்பது. மாடி ஏற முடியாதவர்கள் என்பதால் செய்கிறோம். அந்த அறையில் பழைய வகை பாய்லரோ, கணப்புக்குப் பின்னால் மறைந்திருக்கும் பாய்லரோ இருக்கிறதா என்று பாருங்கள். தூங்கும் அறையில் 14 கிலோவாட்டுக்கு மேற்பட்ட எரிவாயுச் சாதனம் பொருத்துவதானால் அது மூடிய வகையாகத்தான் இருக்க வேண்டும் என்கிறது சட்டம். குளியலறையில் திறனைப் பார்க்காமலே மூடிய வகை மட்டும்தான். முன்னறையாக இருந்தபோது தவறில்லாத பாய்லர், நாம் கட்டிலைப் போட்டதும் தவறான இடத்தில் இருப்பதாகிவிடும்.

அலாரம்

'இஎன் 50291' என்ற தரக்குறி உள்ளதை வாங்குங்கள். அதன்படி, காற்றில் பத்து லட்சத்தில் 50 பங்கு இருந்தால் 60 முதல் 90 நிமிடத்துக்குள்ளும், 100 பங்கு இருந்தால் 10 முதல் 40 நிமிடத்துக்குள்ளும், 300 பங்கு இருந்தால் 3 நிமிடத்துக்குள்ளும் அலற வேண்டும். பாய்லரிலிருந்து ஒன்று முதல் மூன்று மீட்டர் தள்ளி, சுவரில் என்றால் கதவு சன்னலுக்கு மேல் உயரத்தில், கூரையை ஒட்டிவிடாமல் மாட்டுங்கள். புகைக்கூண்டுத் தூண் கடந்து போகும் படுக்கை அறையிலும் ஒன்று இருக்கட்டும். உங்களுக்கு பாய்லர் இல்லாவிட்டாலும், பக்கத்து வீட்டாருக்கு இருக்கலாம். சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். அலாரத்துக்கும் ஆயுள் உண்டு. தேதி பின்னால் இருக்கும்.

பயணம் போகும்போதும் ஒன்றைப் பெட்டியில் போட்டுக்கொள்ளலாம். 2006 அக்டோபரில் கிரீஸின் கோர்ஃபூ தீவுக்கு விடுமுறைக்குப் போன பிரிட்டிஷ் குடும்பமொன்றில், ஏழு வயதும் ஆறு வயதுமான அக்காவும் தம்பியும் தூக்கத்திலேயே இறந்துபோனார்கள். பாய்லர் அவர்களின் அறைக்குள் இல்லை. வெளியே ஒட்டியிருந்த கொட்டகையில் இருந்தது.

அலாரம் அலறினால், முடிந்தால் பாய்லரை நிறுத்தி, கதவு சன்னலைத் திறந்து, எல்லோரும் வெளியேற வேண்டும். வெளியே நின்று தேசிய எரிவாயு அவசர எண்ணான 0800 111 999-ஐ அழையுங்கள். இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்து மூன்றுக்கும் இதுவே. யாராவது மயங்கினால் முதலில் 999. குளிராக இருக்கிறது என்று உள்ளே திரும்ப வேண்டாம். அவர்கள் வந்து சரி என்று சொல்லும்வரை பாய்லரை ஓட்டவும் வேண்டாம்.

அந்த லண்டன் வீட்டில் பாய்லர் நின்றிருந்த நான்கு நாளும் ஐந்து பேரும் மின்சாரச் சூடேற்றி ஒன்றைச் சுற்றி ஒரே அறையில் படுத்தார்கள். மூன்றாம் நாள் ஸஹருக்கு உம்மா தலைவலி இல்லாமல் எழுந்தார். நோன்பு அப்போதும் பிடித்துக்கொண்டுதான் இருந்தார். காற்றுத்துளையின் முன்னால் இப்போது அலமாரி இல்லை. உம்மா உட்காரும் நாற்காலியைத்தான் குளிர் படாத அடுத்த மூலைக்கு நகர்த்திவிட்டார்கள்.